ஒரு கேள்விக்கு ஒரு ஒளு

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹவுளுக்கு, அதாவது தொழுமுன் கை கால் கழுவுகிற தொட்டிக்கு, தண்ணீர் மேலே மலையிலுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும். தை மாதத்துப் பின்னேரத்தில் அதற்குள் கை வைத்தவர்களுக்குத்தான் அந்தக் குளிர் தெரியும். முதலில் விரல் நுனி எரியும். அப்புறம் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு வயதில், ஒரு கேள்வி கேட்டதற்காக அந்தத் தண்ணீரில், தொழுகைக்குக் கழுவுவது போல முகமும் கையும் காலும் கழுவி, ஒளு எடுத்தேன்.

இலங்கையில் கம்பளையிலிருந்து புசல்லாவைப் பக்கம் ஏறும் பாதையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிறவற்றில் சம்பந்தப்பட்ட பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், சுற்றிவரத் தேயிலை. அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதப்பள்ளி. எங்களுக்கு ஓதித்தருகிற லெப்பை முன்னால் உட்கார்ந்திருப்பார். நாங்கள் முப்பது பேர் பாயில் சம்மணம் கட்டிக்கொண்டு அல்லாஹ்வின் இருபது ஸிஃபத்துகளையும், அதாவது பண்புகளையும், ராகமாகச் சொல்லுவோம். வுஜூது, கிதம், பகா... ஆடி ஆடிச் சொன்னால்தான் வரும். ஆட்டத்தை நிறுத்தினால் ஏழாவதிலோ எட்டாவதிலோ மறந்துபோகும். வுஜூது என்றால் அவன் இருக்கிறான். கிதம் என்றால் அவனுக்கு ஆரம்பம் இல்லை. பகா என்றால் முடிவு இல்லை.

அன்றைக்கு நான் கிதமில் மாட்டிக்கொண்டேன். ஆரம்பம் இல்லாமல் ஒன்று எப்படி இருக்கும்? எங்கள் கடைக்கு ஆரம்பம் உண்டு, வாப்பாவின் வாப்பா திறந்தது. தேயிலைக்கு ஆரம்பம் உண்டு, வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "லெப்பை, அப்ப அல்லாஹ்வ படைச்சது யாரு?"

முப்பது பேரும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிரம்பு சுவரில்தான் சாய்ந்திருந்தது. லெப்பை அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "எழும்புங்க மகன். போய் ஒளு எடுத்துட்டு வாங்க. ஒரு கேள்விக்கு ஒரு ஒளு."

நான் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஓதப்பள்ளியில் நான் எதுவும் கேட்டதாக ஞாபகமில்லை. அது தண்டனை என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளர்ந்த பிறகு புகாரி, முஸ்லிம் என்கிற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் அந்த ஹதீஸைப் பார்த்தேன். இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று ஷைத்தான் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் உன் ரப்பை, உன் இறைவனை, படைத்தது யார் என்று கேட்பான். அந்த இடத்துக்கு வந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிவிட்டு நிறுத்திக்கொள் என்கிற ஹதீஸ். லெப்பை தன் முறையில் அதைத்தான் செய்திருக்கிறார், சரி. ஆனால் முஸ்லிம் தொகுப்பில் அதே ஈமான் (இறைநம்பிக்கை) பாடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஸஹாபாக்கள், அதாவது நபித்தோழர்கள், சிலர் வந்து, வாயால் சொல்லவே பயப்படுகிற எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று முறையிடுகிறார்கள். அப்படியா, அது வந்துவிட்டதா, அதுதான் தெளிவான ஈமான் என்கிறார்கள் நபி (ஸல்) அவர்கள். முதல் ஹதீஸை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை முப்பது வயதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை. நாங்கள் ராகம் போட்ட அந்த இருபது ஸிஃபத்துப் பட்டியல் 15ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் திலிம்ஸானில் வாழ்ந்த இமாம் ஸனூஸியிடமிருந்து வந்தது. அகீதாவில், நம்பிக்கை விஷயங்களில், மற்றவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதாது, காரணத்தோடு அறிய வேண்டும் என்று வற்புறுத்திய மனிதர் அவர். அவருடைய பட்டியலைத்தான் நாங்கள் அர்த்தம் கேட்காமல் ஆடி ஆடி மனனம் செய்தோம்.

---

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எங்கள் ஊருக்குக் கசட்டுகள் வந்தன. தமிழ்நாட்டில் நடந்த மார்க்க விவாதங்கள். இரண்டு மேசை, இரண்டு தரப்பு, நேரம் பார்க்க ஒருவர், ஒவ்வொரு தரப்புக்கும் இத்தனை நிமிடம். கடையைச் சாத்திய பிறகு பின் அறையில் சீனி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நாங்கள் ஐந்தாறு பேர் கேட்போம். ஒரு தரப்பு திணறுகிற இடம் வந்தால் ரீவைண்ட் பண்ணித் திரும்பக் கேட்போம். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததைத் திரும்பப் பார்ப்பது போலத்தான்.

அந்தக் காலத்தை இன்றைக்குக் கேலி செய்வது லேசு. நான் செய்யமாட்டேன். அதுவரை அரபில் ஓதி முத்தமிட்டு மேலே வைத்துவிடுகிற குர்ஆனை, கடைப் பையன்களான நாங்கள் தமிழில் வாசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஆதாரம் என்ன என்று கேட்கிற பழக்கம் அப்போதுதான் வந்தது. தங்கள் மூதாதையர் செய்ததைத்தான் செய்வோம் என்று சொல்கிறவர்களைப் பார்த்து, அந்த மூதாதையர் எதையும் விளங்காதவர்களாக இருந்தாலுமா என்று பகரா அத்தியாயம் கேட்கிறது. அந்த வசனத்தை முதல்முறை தமிழில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. எங்களுடைய கேள்வி எல்லாம் மற்றவர்களைப் பார்த்துத்தான் போனது. கந்தூரி ஏன், ராத்திபு ஏன், தாயத்து ஏன், பெரியார்கள் அடங்கிய சியாரம் ஏன். நாங்கள் நம்புகிறவற்றைப் பார்த்து ஒரு ஏனும் இல்லை. அங்கே கேள்வி இல்லை, இலக்கம் மட்டும்தான்: புகாரி இத்தனை, முஸ்லிம் இத்தனை.

1993, ரபீஉல் அவ்வல் மாதம். கடைத்தெரு வீடொன்றில் நபியைப் புகழ்ந்து ஓதுகிற சுப்ஹான மௌலூது. சாம்பிராணிப் புகை, வெளியே மழை, குசினியில் நெய்ச்சோறு. நார்சா, அதாவது மௌலூதில் பகிர்கிற சாப்பாடு, கொடுக்கிற நேரத்தில் நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம். எனக்கு இருபத்தொரு வயது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே லெப்பையிடம் கேட்டேன்: "இதுக்கு ஸஹீஹான ஹதீஸ் ஒண்டு காட்டுங்க."

லெப்பை கிதாபை மூடினார். விரலை உள்ளே அடையாளத்துக்கு வைத்துக்கொண்டுதான் மூடினார், திரும்ப ஓதப்போகிறவர் போல. "எங்களுக்கு ஓதித்தந்த உஸ்தாதுமார் ஓதினத கண்டேன் மகன். அதனால நானும் ஓதுறேன்."

நாங்கள் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் அங்கே இருந்த பெரியவர்களில் இரண்டு பேரும் சிரித்தார்கள், அதுதான் முக்கியம். விவாதம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டு லெப்பை எழுந்து போனார்.

இரண்டு வருடத்துக்குள் ஊர் இரண்டாகி, இன்னொரு கட்டிடத்தில் இன்னொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொடங்கியது. மௌலூதும் கத்தமும் குறையக் குறைய லெப்பைக்குக் கிடைத்துவந்த ஹதியாவும், அதாவது அன்பளிப்புப் பணமும், குறைந்தது. அவர் வீட்டு அடுப்பு அந்த ஹதியாவில்தான் எரிந்தது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வாப்பா யோசித்திருக்கிறார். தோட்டத்து ஆட்களின் பற்று வரவு எழுதுகிற கடன் கொப்பியில், சம்பள நாளுக்கு முந்தைய பக்கமொன்றில், "லெப்பை - அரிசி 10 கிலோ" என்று வாப்பாவின் கையெழுத்தைப் பார்த்தேன். விலை எழுதும் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் அப்படியே. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

---

1996இல் ஒரு கூட்டாளியோடு மலை ஏறினேன். எங்களுக்கு அது பாவா ஆதம் மலை. அவனுக்குச் சிவனொளிபாதம். அன்று இரவு படிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்ரீபாத. கூட்டாளி மேல் தோட்டத்துப் பொடியன், அவனுடைய அப்பாவுக்கு எங்கள் கடையில் கணக்கு. நானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். அப்போது தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தான்.

என் கொள்கைப்படி நான் அங்கே போயிருக்கவே கூடாது. ஆதம் நபி எங்கே இறங்கினார்கள் என்று குர்ஆனில் இல்லை. இருந்தாலும் 1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு வந்து, பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பயணம் பார்க்கத்தான் போகிறேன், நிய்யத்து, மனதில் எண்ணம், வேறு ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நல்லதண்ணியிலிருந்து இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கி விடியுமுன் உச்சியில் நின்றோம். 2243 மீட்டர். எத்தனை தரம் ஏறினார்களோ அத்தனை தரம் மணி அடிக்கிற வழக்கம். ஒரு கிழவி மூச்சு வாங்க வாங்க அடித்துக்கொண்டே இருந்தாள், இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். சூரியன் வந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினார்கள். கீழே பஞ்சு போன்ற பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல், கூர்நுனியோடு, கோடு போட்டு வரைந்த முக்கோணம் போல. அசையாமல் கிடந்தது. கூட்டாளி ஃபிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி எனக்குத் தந்தான். குடித்து முடித்துவிட்டுப் பார்க்கிறேன், நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. அது நகர்ந்ததை நான் காணவேயில்லை.

பல வருடத்துக்குப் பிறகு இமாம் கஸ்ஸாலியின் தன்வரலாற்றை வாசிக்கும்போது அந்தக் காலை திரும்பி வந்தது. பகுதாதின் நிழாமிய்யா மதரஸாவில் மிகப் பெரிய ஆசிரியராக இருந்தவர், தனக்கு எதுதான் நிச்சயமாகத் தெரியும் என்று தோண்டத் தொடங்குகிறார். கண்ணை நம்பலாமா? நிழலைப் பார்க்கிறேன், நிற்கிறது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசு அளவு தெரிகிறது. கணக்குப் போட்டால் பூமியைவிடப் பெரியது. கண்ணைப் பொய்யாக்கியது அறிவு என்றால், அறிவைப் பொய்யாக்க அதற்கு மேல் ஒன்று இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏறக்குறைய இரண்டு மாதம் அந்தச் சந்தேகத்தில் கிடந்ததாக அவரே எழுதுகிறார். 1095இல் இன்னொரு நெருக்கடி. பாடம் நடத்த வாயைத் திறந்தால் நா எழவில்லை. பதவியை விட்டுவிட்டுப் போனார். நாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், இஸ்லாத்தின் ஆதாரம், என்று அழைக்கிறவர் இவர்தான். சந்தேகிக்காதவன் பார்ப்பதில்லை, பார்க்காதவனுக்குத் தெரிவதில்லை என்று இன்னொரு நூலின் முடிவில் எழுதியவரும் இவர்தான். எங்கள் ஊர் மிம்பரில் கஸ்ஸாலியின் பெயர் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன், இந்தச் சங்கதியை ஒரு தரமும் கேட்டதில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். இறங்கும்போது வழிக் கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டாளி கேட்டான்: "மச்சான், கோவிச்சுக்காத. சமாதிய தொட்டுக் கும்பிடாதீங்கன்னு சொந்த ஆளுங்க கூடவே சண்டை போடுறீங்க. அப்ப மக்காவுல அந்தக் கறுப்புக் கல்லுக்கு முத்தம் குடுக்கிறது என்ன கணக்கு?"

கசட்டில் இதற்குப் பதில் இருந்தது. வணக்கம் வேறு, மரியாதை வேறு. நாங்கள் கல்லை வணங்கவில்லை. உங்கள் சிலை விஷயம் வேறு... நன்றாகவே சொன்னேன், நடுவில் ஒரு வசனமும் ஓதினேன். அவன் ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டான். பிறகு சொன்னான்: "இது பதில் இல்ல மச்சான். இது என் வாய அடைக்கிற வேலை. எனக்கு நெசமாவே தெரிஞ்சுக்கணும்."

அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

---

மூன்று நாலு மாதம் கழித்து லெப்பை வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் அது முதல் தரம். அரபுத்தமிழ்க் கிதாபொன்றைப் படித்துக்கொண்டிருந்தவர், யாரோ நேற்றும் வந்துபோனவன் வந்த மாதிரி "வாங்க மகன்" என்றார். கூட்டாளியின் கேள்வியைச் சொன்னேன்.

"உமர் நாயகம் அந்தக் கல்லுக்கு முன்னால நிண்டு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். இரண்டாம் கலீபா உமர் சொன்னது எனக்குத் தெரியும், புகாரியில் இருக்கிறது: நீ வெறும் கல் என்று எனக்குத் தெரியும், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, ரசூலுல்லாஹ் (நபி அவர்கள்) உன்னை முத்தமிட்டதைக் கண்டிருக்காவிட்டால் நான் முத்தமிட்டிருக்கமாட்டேன்.

"அங்க காரணம் ஏதும் ஈக்கா மகன்? இல்ல. செஞ்சத கண்டேன், அதனால செய்றேன். அவ்வளவுதான். அத உங்கட கூட்டாளிக்கிட்ட அப்படியே சொல்லுங்க. அவருக்கு விளங்கும், அவர்ட கோயில்லயும் அப்படித்தானே." கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். "அண்டைக்கு மௌலூதுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். ஆனா உமர் நாயகம் கண்டது ரசூலுல்லாஹ்வ. நான் கண்டது என்ட உஸ்தாத. ரெண்டும் ஒண்டா எண்டு நீங்க அண்டைக்கு கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன். நீங்க கேக்கல்ல. சிரிச்சீங்க."

என்னுடைய வாதத்தைவிட நல்ல வாதத்தை என் பக்கத்துக்கு அவரே எடுத்துத் தந்தார். இன்றைக்கும் நான் மௌலூதுக்குப் போவதில்லை, அவர் கடைசிவரை ஓதிக்கொண்டுதான் இருந்தார். அதில் எங்களுக்குள் எதுவும் தீரவில்லை.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் இமாம் ஷாஃபிஈயின் சட்டவழியான ஷாஃபிஈ மத்ஹபுக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த இமாம் எப்படி விவாதித்தார் என்று அன்றைக்கு லெப்பை சொன்னதுதான் நான் கேட்ட முதல் செய்தி. யூனுஸ் என்கிற மாணவரோடு ஒரு நாள் ஒரு மஸ்அலாவில், ஒரு சட்டப் பிரச்சினையில், தர்க்கித்துப் பிரிந்தார்கள். அடுத்து சந்தித்தபோது இமாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாவிட்டாலும் நாம் சகோதரர்களாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்களாம். யாரோடு தர்க்கித்தாலும் உண்மை என் நாவில் வெளிப்படுகிறதா அவர் நாவில் வெளிப்படுகிறதா என்று நான் கவலைப்பட்டதில்லை என்பதும் அவர் சொன்னதாகவே வருகிறது. பகுதாதில் கொடுத்த தீர்ப்புகளில் பலவற்றை எகிப்துக்குப் போன பிறகு மாற்றியிருக்கிறார். பழைய சொல், புதிய சொல் என்று ஃபிக்ஹுச் சட்டக் கிதாபுகளில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. மனதை மாற்றிக்கொண்டதைப் பெயர் போட்டுப் பாதுகாத்து வைத்த மத்ஹபு இது. அதைப் பின்பற்றுகிற நாங்கள், ஒரு முறை மேடையில் சொன்னதை மாற்றுவதைவிட ஊரை இரண்டாக்கிக்கொள்வோம்.

பகுத்தறிவு பேசுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், மரபு பேசுகிறவர்கள் எல்லோரும் வாயை அடைப்பவர்கள் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவால் அளந்து பார்த்தே நம்ப வேண்டும் என்ற முஃதஸிலாக்களுக்கு அரசாங்கத்தின் ஆதரவு கிடைத்தபோது, 833இல் கலீபா மஃமூன் ஆலிம்களை வரிசையில் நிறுத்தி விசாரிக்கத் தொடங்கினார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையில் கிடந்து, அடுத்த கலீபாவின் காலத்தில் சாட்டையடி வாங்கினார். வாதத்தால் ஜெயிக்கலாம் என்று நம்பியவர்களும் கடைசியில் சாட்டையைத்தான் எடுத்தார்கள்.

எங்கள் பக்கத்திலேயே வேறு மாதிரி ஒரு மனிதர் இருந்தார். கண்டியில் பிறந்த சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பை. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்த சமூகத்தோடு வருடக்கணக்காக அச்சில் தர்க்கித்தார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதே மனிதர் தஸவ்வுஃபில், ஸூஃபி ஞானத்தில், ஆழமாக இறங்கி எழுதியவர். இன்றைய கணக்கில் அவரை எந்த ஜமாஅத்தில் போடுவது என்று தெரியாமல் நாங்கள் பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டோம்.

2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எல்லோரும் எங்களைக் கேள்வி கேட்டார்கள். பஸ்ஸில், வங்கி வரிசையில், கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள். உங்கள் குர்ஆனில் அப்படி இருக்கிறதாமே? நான் கூட்டாளியின் அந்த வாக்கியத்தைத் தேடினேன், எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அந்தத் தொனியை. சிலரிடம் இருந்தது. பெரும்பாலும் அது ஆள் அடையாளம் பார்க்கிற வேலையாகத்தான் இருந்தது. அரபு எழுத்திருந்த எதைப் பார்த்தாலும் பயந்து, துஆப் புத்தகத்தைக்கூட ஒளித்துவைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த நிலையில் உள்ளுக்குள் இருந்து யார் எதைக் கேட்பது?

---

என் மகள் கேட்டாள். அவளுக்கு நேரம் காலம் பார்க்கத் தெரியாது.

முதலில் அவளுடைய மச்சியின் நிக்காஹில். பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார், பெண்ணுக்குப் பொறுப்பான வலி போட்டார், சாட்சிகள் போட்டார்கள். "மணமகள் எங்க போடணும்?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிக் கேட்டாள். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளுக்குக் கையெழுத்து கட்டாயம் இல்லை. 2009இல் இதையெல்லாம் ஆராயக் குழு போட்டு, 2018இல்தான் அறிக்கை வந்தது. அதிலும் குழு இரண்டாகப் பிரிந்தே நின்றது. இதை நான் விளக்கினேன். அவள், "வாப்பா, கணவனப் பத்தி ரசூலுல்லாஹ்வோடயே தர்க்கம் பண்ணின பொம்புளைக்கு அல்லாஹ் பதில் இறக்கி, அந்த ஸூராவுக்கே முஜாதலா எண்டு பேர் வந்திச்சு. இங்க ஒரு கையெழுத்துக்கு இத்தன வருஷமா?" என்றாள். அந்த ஸூராவை நான் தர்க்கம் என்கிற கோணத்தில் ஒருநாளும் ஓதியதில்லை.

பிறகு 2022. எரிபொருள் வரிசைக் காலம். பேராதனைக் கம்பஸில் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தவள், வகுப்புகள் ஒன்லைனுக்குப் போனதால் வீட்டில் இருந்தாள். ஒரு இரவு கரண்ட் இல்லாமல் மெழுகுதிரி வெளிச்சத்தில் கேட்டாள்: "வாப்பா, நான் மேல் தோட்டத்து லயத்துல பிறந்திருந்தா இப்ப மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நேர்ந்திருப்பேன். அது என்ட பிழையா?" அவள் உம்மா, "அஸ்தஃபிருல்லாஹ், என்ன பேச்சு இது" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குக் கசட்டுக் காலத்துப் பதில் நாலைந்து நாக்கு நுனியில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மறுநாள் அவளை லெப்பை வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

அவருக்கு எண்பத்தைந்துக்கு மேல். கண் ஒன்று தெரியாது. பால்மா கடையில் கிடைக்காத நேரம், மருமகள் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டியும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். மகள் கேள்வியை அப்படியே கேட்டாள். கேட்டுவிட்டு, "லெப்பை அப்பா, எனக்கு ஈமான் போயிட்டா?" என்றும் கேட்டாள். அதற்கு அவர் சொன்னது நான் மேலே எழுதிய இரண்டாவது ஹதீஸ்.

பிறகு முதல் கேள்விக்கு வந்தார். கஸ்ஸாலி இமாமும் அங்கேதான் தொடங்கினார்கள் என்றார்: கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவனாக வளர்கிறது, யூதப் பிள்ளை யூதனாக வளர்கிறது, முஸ்லிம் பிள்ளை முஸ்லிமாக வளர்கிறது, அப்படியென்றால் நான் என்ன தேடிக் கண்டுபிடித்தேன் என்று. அதே இமாம் இன்னொரு கிதாபில், நபியின் செய்தி காதில் விழாதவர்களும், கோணலாக்கப்பட்டு விழுந்தவர்களும் மன்னிக்கப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். தெளிவாக அறிந்துவிட்டு மறுத்தவன் விஷயம்தான் வேறு.

மகள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். "மேல் லயத்துக்கு எங்கட செய்தி எப்படி போய்ச் சேர்ந்திச்சு லெப்பை அப்பா? கடன் கொப்பியாத்தானே?"

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அந்தக் கொப்பி என் வாப்பாவுடையது.

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வகுப்பில் படித்த மூன்று சகோதரர் கதையை எடுத்தாள். அபுல் ஹஸன் அல்அஷ்அரி, முஃதஸிலாவாக இருந்த தன் ஆசிரியர் ஜுப்பாயீயிடம் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி. ஒருவன் நல்லவனாக வாழ்ந்து செத்தான், ஒருவன் காஃபிராகச் செத்தான், ஒருவன் சின்னப் பிள்ளையில் செத்தான். பிள்ளை கேட்கிறது: என்னையும் வாழவிட்டிருந்தால் நானும் அமல், நற்செயல், செய்து அண்ணனின் இடத்துக்கு வந்திருப்பேனே? நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று அறிந்துதான் முன்னமே எடுத்தேன், அதுதான் உனக்கு நல்லது என்று அல்லாஹ் சொல்வான் என்றார் ஜுப்பாயீ. அப்படியென்றால் நரகத்திலிருந்து மற்றவன் கத்துவானே, என்னைப் பற்றியும் உனக்குத் தெரியும்தானே, என்னை ஏன் சின்னதில் எடுக்கவில்லை என்று? ஜுப்பாயீயிடம் பதில் இல்லை. அஷ்அரி அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேறினார். நாங்கள் ஆடி ஆடிப் படித்த இருபது ஸிஃபத்தும் அவருடைய வழியில் வந்ததுதான்.

"அஷ்அரி இமாம் ஜெயிச்சிட்டாங்க," என்றார் லெப்பை.

கோப்பையைக் கீழே வைத்தார். தெருவில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது, கேன்கள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. தெரிகிற கண்ணை அந்தப் பக்கம் திருப்பினார்.

"எழுபத்து நாலுலயும் இப்படித்தான். பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை. எனக்கு ஒரு மகன் ஈந்தார். நாலு வயசு. வயித்தோட்டம். கம்பளை ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு போற வழியில தோள்லயே..." கையால் தோளைத் தொட்டுக் காட்டினார். "ஜனாஸாவ நானே தொழவெச்சேன். ஊருக்கு லெப்பை நான்தானே. அண்டையில இருந்து அந்தப் பிள்ளை கேட்ட கேள்விய நான் கேட்டுக்கொண்டு ஈக்கிறேன். இமாம் ஜெயிச்சாங்க. பிள்ளைக்கு பதில் சொல்லல்லயே."

மகள் என் பக்கம் பார்த்தாள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"இத ஆருக்கிட்டயாவது கேட்டீங்களா லெப்பை அப்பா?"

"லெப்பை ஆருக்கிட்ட போய் கேக்கிற மகள்?"

அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மருமகள் சுடுதண்ணி வைக்கட்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டாள். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, "ஒரு கேள்விக்கு ஒரு ஒளு" என்றார். மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஹவுள் வரைக்கும் கூட நடந்தாள்.